வசம்புக் கோடு

பன்னீர்மரத் தெருவில் எறும்புகள் வாசலோடு நின்றுபோன பங்குனி மாதத்தில்தான் சில மனிதர்களும் வாசலோடு நின்றுபோனார்கள். தென்காசிக்குக் கிழக்கே இருக்கிற எங்கள் ஊரில் அதைப் பற்றி இப்போதும் யாரும் சத்தமாகப் பேசுவதில்லை, கேட்டால் அந்த வருஷம் வெயில் ரொம்பக் கொடுமை என்று மட்டும் சொல்லிவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விடுவார்கள்.

அந்தத் தெருவில் பகவதிக்கு இரண்டு காரியங்களுக்காகப் பெயர் இருந்தது. முதலாவது, பூச்சிகளுக்கு அவள் சொல்லும் கைப்பக்குவம். அரிசியில் வண்டு விழுந்தால் காய்ந்த வேப்பிலையையும் நாலு மிளகாய் வற்றலையும் போட்டு வை என்பாள், துவரம்பருப்பில் விளக்கெண்ணெயைத் தடவி வெயில் காட்டு என்பாள், கரப்பான் வந்தால் பிரிஞ்சி இலையை நுணுக்கி அடுப்படி மூலையில் தூவு என்பாள், கொசுவுக்கு நொச்சி மூட்டம், ஈக்குத் தரை துடைக்கிற தண்ணீரில் மஞ்சளும் கல்லுப்பும், பட்டுச்சேலையில் அந்து விழாமலிருக்க மடிப்புக்குள் வசம்புத் துண்டு என்று, கேட்டவர்களுக்கும் கேட்காதவர்களுக்கும் அவள் சொல்லிக்கொண்டே இருந்ததால், அந்தத் தெருவில் விஷமருந்து டப்பா வாங்கியவர்கள் அதை முந்தானைக்குள் மறைத்துத்தான் வீட்டுக்குக் கொண்டுபோனார்கள்.

இரண்டாவது, அவள் தன் நாத்தனாரை வைத்துக்கொண்டிருந்த விதம். பகவதியின் புருஷன் நமச்சிவாயத்துக்கு லோகநாயகி என்று ஒரே தங்கச்சி. கட்டியவன் வேறொருத்தியோடு திருப்பூர் பக்கம் போய்விட, லோகநாயகி ஒரு டிரங்குப் பெட்டியோடும் தலையணையோடும் அண்ணன் வீட்டுக்கு வந்து சேர்ந்தாள், வந்தவள் வந்தவள்தான், பஜாரில் ஒரு பாத்திரக்கடையில் வேலைக்குச் சேர்ந்து காலையில் போய்ச் சாயங்காலம் திரும்பிக்கொண்டு அங்கேயே இருந்துவிட்டாள். பகவதி ஒருநாள்கூட முகம் சுளிக்கவில்லை. மீன் குழம்பில் நல்ல துண்டு நாத்தனாருக்கு, தீபாவளிக்கு முதல் சேலை நாத்தனாருக்கு, அவள் படுக்கிற இடத்துக்கு நேரே மின்விசிறி. தெருவில் மாமியார்கள் மருமகள்களைத் திட்டும்போது, பகவதியைப் பாரு, நாத்தனாளைத் தங்கத்தட்டில் வைத்துத் தாங்குகிறாள் என்று சொல்லும் அளவுக்கு அவள் பெயர் ஏறிப்போயிருந்தது, ஏறிய பெயரிலிருந்து இறங்க வழியில்லாமல் பகவதியும் தாங்கிக்கொண்டே இருந்தாள்.

அவளுக்குள் என்ன ஓடியது என்பது தெருவுக்குத் தெரியாது. லோகநாயகி காப்பி குடித்த டம்ளரைக் கழுவாமல் கட்டில் காலடியிலேயே வைத்துவிட்டுப் போவாள், அடியில் கரையாமல் கிடக்கிற சீனிக்கு எறும்பு மொய்க்கும். ஞாயிற்றுக்கிழமை தலைக்குக் குளித்தால் முடி அங்கணத்துக் குழியை அடைத்துக்கொள்ளும். டிவி பார்த்துக்கொண்டு தொடையில் தட்டித் தட்டிச் சிரிப்பாள், கடைக்கு வந்த கிராக்கி குத்துவிளக்கைத் தலைகீழாகப் பிடித்து விலை கேட்ட கதையை மூன்றாம் தடவை சொல்லும்போதும் முதல் தடவை சொல்வதுபோலவே சொல்லுவாள். இதெல்லாம் பகவதியின் நெஞ்சில் அரிசியில் கல் சேர்வதுபோலச் சேர்ந்தது. ஒன்றைக்கூட அவள் வாய்விட்டுச் சொல்லவில்லை. சொல்லாததனால்தான் தான் நல்லவள் என்று அவள் நம்பியிருந்தாள்.

அந்தப் பங்குனியில் எறும்புகள் கணக்கில்லாமல் வந்தன. சீனி டப்பாவில், தேங்காய் மூடியில், சாமி படத்துக்கு முன்னால் வைத்த கற்கண்டில், கடைசியில் நமச்சிவாயத்தின் காது மடலில்கூட. ஒரு மதியம் லோகநாயகியின் கட்டிலடியில் எறும்பு சூழ்ந்த டம்ளரைப் பார்த்துக்கொண்டே நின்ற பகவதி, ஒன்றும் சொல்லாமல் போய், கை நிறைய வசம்பை எடுத்தாள். வசம்பை எங்கள் பக்கம் பொழுது சாய்ந்த பிறகு பெயர் சொல்லிக் கேட்க மாட்டார்கள், பேர் சொல்லாதது இருக்கா என்றுதான் கடையில் கேட்பார்கள். அதைத் தட்டி, நிழலில் காய்ந்த வேப்பிலையும் மிளகும் விரலி மஞ்சளும் கல்லுப்பும் சேர்த்து மிக்சியில் போட்டு அரைத்தாள். மிக்சி சத்தத்தில் என்ன நினைத்தாலும் யாருக்கும் கேட்காது என்பதால் அவள் அன்றைக்கு நிறைய நினைத்தாள். பிறகு சுண்ணாம்புப் பொடியைக் கலந்து சல்லடையில் சலித்து, கோலப்பொடி எடுக்கிற மாதிரி இரண்டு விரலால் எடுத்து, தெருவாசலுக்கும் புறவாசலுக்கும் ஜன்னல் கட்டைக்கும் அங்கணத்துக் குழிக்கும் விட்டுப்போகாமல் கோடு இழுத்தாள்.

எறும்புகள் கோட்டு வரைக்கும் வந்தன, மீசையால் தொட்டுப் பார்த்தன, பள்ளிக்கூடம் விட்ட பிள்ளைகள் மாதிரி திரும்பி வரிசையாகப் போய்விட்டன. எதிர்வீட்டு அமலோற்பவம் தையல் மிஷினை விட்டு எழுந்து வந்து பார்த்துவிட்டு எனக்கும் கொஞ்சம் தாங்க என்றாள், அவளைப் பார்த்து அடுத்த வீடு, அடுத்த வீட்டைப் பார்த்து அதற்கடுத்தது. பகவதி செய்தித்தாளைக் கிழித்து மடித்துப் பொட்டலம் போட்டுக் கொடுத்துக்கொண்டே இருந்தாள். விளக்கு வைப்பதற்குள் தெருவில் கோடு இல்லாத வாசலே இல்லை.

லோகநாயகி கடை முடிந்து வரும்போது கையில் ஒரு உளுந்துவடைப் பொட்டலம் இருந்தது. செருப்பைக் கழற்றினாள், படி ஏறினாள், வாசலில் நின்றாள், நின்றுகொண்டே இருந்தாள்.

“ஏன் நிக்க? உள்ள வா” என்றாள் பகவதி, வெங்காயம் நறுக்கியபடியே.

“கால் வரமாட்டேங்கு மதினி.”

“சுளுக்கிட்டா?”

“இல்ல. கால் நல்லாத்தான் இருக்கு. வாசல்தான் வரமாட்டேங்கு.”

பகவதி எழுந்து வந்து பார்த்தாள். லோகநாயகி காலைத் தூக்கி நீட்டினாள், கோட்டுக்கு நேர் மேலே வந்ததும் கால் சுவரில் பட்டதுபோல நின்றது, அங்கே சுவர் இல்லை, சாயங்கால வெயில்தான் இருந்தது. வடைப் பொட்டலத்தை நீட்டினாள், பொட்டலம் உள்ளே வந்தது, பிடித்த விரல்கள் வரவில்லை. அந்த நேரம் பார்த்து நமச்சிவாயம் சைக்கிளை நிறுத்திவிட்டு வந்தார், என்ன ரெண்டு பேரும் வழியை மறிச்சிட்டு நிக்கீங்க என்று கேட்டுக்கொண்டே கோட்டைத் தாண்டி உள்ளே போய்ச் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார்.

பகவதி துடைப்பத்தை எடுத்துக் கோட்டைக் கூட்டினாள், தண்ணீர் ஊற்றிக் கழுவினாள், சாணியால் மெழுகினாள், எலுமிச்சம்பழத்தால் தேய்த்தாள். வெள்ளை போய்விட்டது, தடை போகவில்லை. லோகநாயகி புறவாசலுக்குப் போய்ப் பார்த்தாள், அங்கேயும் அப்படித்தான். அன்றைக்கு வீட்டை ஒட்டிய சாய்ப்பில், சைக்கிளும் விறகும் கிடக்கிற இடத்தில், கட்டிலை வெளியே இழுத்துப்போட்டு அவளைப் படுக்க வைத்தார்கள். காற்று நல்லா வருது என்று லோகநாயகிதான் முதலில் சொன்னாள். ஆமா, காற்று நல்லா வருது என்று மற்ற இரண்டு பேரும் அவசரமாகச் சொன்னார்கள்.

மறுநாள் தெரு முழுக்கக் காற்று நல்லா வந்தது. ஓய்வுபெற்ற வாத்தியார் சிதம்பரநாதன் வீட்டுக்குச் சென்னையிலிருந்து வந்த மாப்பிள்ளை, தோளில் பலாப்பழத்தோடு வாசலில் நின்றார், பழத்தை உள்ளே உருட்டிவிட முடிந்தது, அவரால் போக முடியவில்லை. கோடு போட்டது வாத்தியாரின் மனைவி. யாரும் எதுவும் கேட்பதற்கு முன்னாலேயே அந்த அம்மாள், நான் மாப்பிள்ளையைப் பத்தி ஒண்ணும் நெனைக்கலியே, நான் ஒண்ணும் நெனைக்கலியே என்று தெரு கேட்கச் சொன்னாள், அப்போதுதான் தெருவுக்கு எல்லாம் விளங்கியது. விளங்கிய மாத்திரத்தில் எல்லாரும் தங்கள் தங்கள் வாசலைத் திரும்பிப் பார்த்தார்கள்.

லாரி ஓட்டுகிற மாடசாமி வெளியூரிலிருந்து திரும்பி வந்து, தன் வீட்டு வாசலில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, போய் லாரி கேபினில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டார், அவர் மனைவி சீதாலட்சுமி அன்றிலிருந்து குனிந்தபடியே கோலம் போட்டாள், குனிந்தபடியே தண்ணீர் பிடித்தாள். ஆனால் எல்லாரையும்விட அமலோற்பவத்தின் விஷயம்தான் தெருவைக் கலங்க வைத்தது. தனியாக இருக்கிற அவள், தானே கோடு போட்டுவிட்டுக் காலையில் பால் வாங்க வெளியே வந்தவள், திரும்ப உள்ளே போக முடியாமல் பால் செம்போடு தன் வீட்டு வாசலில் நின்றாள். அந்த வீட்டில் வேறு யாரும் கிடையாது. அவளுக்கு யாரைப் பிடிக்கவில்லை என்று யாரும் கேட்கவில்லை. பெண்கள் ஒவ்வொருவராகக் கையிலிருந்த வேலையோடு வந்து, புளி கொட்டை எடுப்பவள் புளியோடும் முருங்கைக்கீரை ஆய்பவள் கீரையோடும், அவளைச் சுற்றித் தெருவிலேயே உட்கார்ந்துகொண்டு, ஜாக்கெட் தையலைப் பற்றியும் நூல் விலையைப் பற்றியும் சாயங்காலம் வரைக்கும் பேசினார்கள். அதற்குப் பிறகு அமலோற்பவத்தின் மிஷினை ஆண்கள் தூக்கி வந்து வேப்பமரத்தடியில் வைத்தார்கள்.

இப்படியாகத் தெரு ஒரு மரியாதையைக் கற்றுக்கொண்டது. யாரும் யார் வீட்டு வாசலுக்கும் போவதில்லை. கல்யாணப் பத்திரிகை கொடுக்க வந்தவர்கள் நடுத்தெருவில் நின்று பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள், உள்ள வாங்க என்று யாராவது சொல்லிவிட்டால், இல்ல, இன்னும் நாலு வீட்டுக்குப் போகணும் என்று பின்வாங்கினார்கள், உள்ளே வாங்க என்று சொன்னவர்களும் சொன்ன வாய் மூடுவதற்குள் இவர் வந்துவிடக்கூடாதே என்று பயந்தார்கள். உள்ளே கூப்பிடாவிட்டால் வந்தவருக்கு அவமானம், வர முடியாமல் நின்றுவிட்டால் வீட்டுக்காரருக்கு அவமானம். பெஞ்சுகள் தெருவுக்கு வந்தன, பேச்சு தெருவுக்கு வந்தது, சீட்டாட்டம் வந்தது, குழந்தைக்குப் பெயர் வைப்பதுகூடத் தெருவிலேயே நடந்தது. வெளியூர்க்காரர்கள் பார்த்துவிட்டு, இப்படி ஒற்றுமையான தெருவை நாங்கள் எங்கும் கண்டதில்லை என்று சொல்லிவிட்டுப் போனார்கள். கேஸ் சிலிண்டர் கொண்டுவருகிற பையனும் கரண்ட் ரீடிங் எடுக்க வருகிறவரும் மட்டும் எந்த வாசலிலும் தடையில்லாமல் போய்வந்தார்கள், அவர்களைப் பற்றி நல்லதாகவோ கெட்டதாகவோ யாரும் எதையும் நினைத்திருக்கவில்லை. ரீடிங் எடுப்பவர் சாதாரணமாக உள்ளே நுழைவதை லாரி கேபினிலிருந்து மாடசாமி பார்த்துக்கொண்டிருப்பார்.

பகவதியை யாரும் ஏசவில்லை. ஏசியிருந்தால் அவளுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். தெருக்குழாயில் தண்ணீர் பிடிக்கும்போது அவள் வந்தால் பேச்சு நிற்கும், ஒருத்தி நகர்ந்து இடம் விடுவாள், இன்னொருத்தி குடத்தைத் தூக்கிவிட உதவி செய்வாள், எல்லாரும் அவளிடம் இதமாக நடந்துகொண்டார்கள், துக்கவீட்டுக்காரியிடம் நடப்பதுபோல. தங்கத்தட்டைப் பற்றி மட்டும் யாரும் பேசவில்லை.

அவள் சமைத்தாள். வாழ்க்கையில் அப்படிச் சமைத்ததில்லை. சாய்ப்பில் உட்கார்ந்திருக்கிற நாத்தனாருக்குப் பருப்பு வடை, அவியல், சொதி, ஞாயிற்றுக்கிழமை நாட்டுக்கோழி, சேமியா பாயசம் என்று தட்டு தட்டாகக் கோட்டுக்கு வெளியே எடுத்துப் போனாள். லோகநாயகி சங்கடப்படாமல் சாப்பிட்டாள், நல்லா இருக்கு என்று சொன்னாள். அது நிஜமாகவே சொன்னதுதான் என்பதால் பகவதிக்கு அந்த வார்த்தை சூடு போட்டதுபோல இருந்தது.

இடையிடையே அவள் முயன்று பார்த்தாள். பூஜை அலமாரி முன்னால் கண்ணை மூடி உட்கார்ந்து, தனக்குக் கர்ப்பப்பை ஆப்பரேஷன் நடந்தபோது லோகநாயகி ஆஸ்பத்திரியில் தரையில் துண்டை விரித்துப் படுத்துக் கிடந்ததை நினைத்தாள், தன் மகன் கோயம்புத்தூரில் வேலைக்குப் போகும்போது அத்தைக்காரி கழுத்துச் சங்கிலியைக் கழற்றி அவன் பையில் போட்டதை நினைத்தாள், நினைக்க நினைக்க நெஞ்சு நெகிழ்ந்து கண்ணில் நீர் வந்தது. உடனே எழுந்து ஓடி வாசலில் நின்று, லோகா, இப்ப வா, இப்ப வந்து பாரு என்று கூப்பிட்டாள். லோகநாயகி சோற்றுக்கையோடு எழுந்து வந்து காலை நீட்டினாள். கால் நின்றது. எதிரே மரத்தடியில் அமலோற்பவத்தின் மிஷின் சத்தமும் நின்றது.

“பரவாயில்ல மதினி. நீங்க என்ன செய்வீங்க” என்றாள் லோகநாயகி.

“நான் உன்னை ஒரு வார்த்தை சொல்லியிருக்கேனா லோகா? சொல்லு. இத்தன காலத்துல ஒரு வார்த்தை?”

லோகநாயகி கையைக் கழுவிவிட்டு வந்து கட்டிலில் உட்கார்ந்தாள். கொஞ்ச நேரம் தன் கால் பெருவிரலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“சொல்லியிருக்கலாம் மதினி.”

“என்னத்த?”

“டம்ளரைக் கழுவி வைடின்னு. அவ்வளவுதான. சொன்னா கழுவி வச்சிருப்பேன். நீங்க ஒண்ணும் சொல்லல. நான் இந்த வீட்டுல நல்லா இருக்கேன்னு நெனச்சிக்கிட்டு இருந்துட்டேன்.”

அவள் கோபமாகச் சொல்லவில்லை, கடையில் ஒரு பானை நெளிந்திருப்பதைக் காட்டுகிற மாதிரிச் சொன்னாள். பகவதி உள்ளே போய் அடுப்படியில் உட்கார்ந்தாள், அடுப்பு எரியவில்லை, இருந்தும் முகம் எரிந்தது.

நமச்சிவாயம் இந்த விஷயத்தில் ஒரே ஒரு தடவைதான் வாயைத் திறந்தார். அவர் சாப்பாட்டுத் தட்டைத் தூக்கிக்கொண்டு சாய்ப்புக்குப் போய்த் தங்கச்சியோடு சாப்பிடத் தொடங்கியிருந்தார், தன்னைக் குத்திக்காட்டத்தான் அப்படிச் செய்கிறார் என்று பகவதி நினைத்து, நீங்களும் என்னைத் தண்டிக்கீங்களா என்று கேட்டாள். அவர் வெகுநேரம் சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டிருந்தார்.

“அதுக்கில்லளா” என்றார். “கோட்டை நான் போட்டிருந்தா அவ உள்ள வந்திருப்பாளான்னு யோசிச்சுப் பாத்தேன். எனக்கே தெரியல. அதான் அங்க போய் உக்காருதேன்.”

தடை எப்போது போகும் என்பது அமலோற்பவத்தால்தான் தெரிந்தது. ஒரு காலையில் அவள் வீட்டு வாசலை எறும்புகள் ஒரு சோற்றுப்பருக்கையைத் தூக்கிக்கொண்டு தாண்டுவதை அவள் மரத்தடியிலிருந்து பார்த்தாள், எழுந்து பின்னாலேயே போனாள், போய்விட்டாள். உள்ளே போனவள் கதவைச் சாத்திக்கொண்டு அழுத சத்தம் தெருவில் கேட்டது, யாரும் கேட்காததுபோல இருந்தார்கள். எறும்பு எப்போது தாண்டுகிறதோ அப்போது மனிதரும் தாண்டலாம். அன்றைக்கே எங்கள் தெருவில் எறும்புக்கு விருந்து ஆரம்பமானது. வருஷக்கணக்காகப் பகவதியிடம் எறும்புக்கு மருந்து கேட்டவர்களெல்லாம் வாசலில் சீனி தூவினார்கள், கருப்பட்டியை உடைத்து வைத்தார்கள், வாத்தியாரின் மனைவி பலாச்சுளையைத் தேனில் முக்கி வைத்தாள், சீதாலட்சுமி யாருக்கும் தெரியாமல் பூந்தியை உதிர்த்து வைத்தாள், மிட்டாய்க்கடையில் சரக்கு தீர்ந்துபோனது. எறும்புகள் அவசரப்படவில்லை. அவை வந்தன, நின்றன, கோடு இருந்த இடத்தை மீசையால் தொட்டுப் பார்த்தன, பத்திரிகை வைக்காத வீட்டுக்கு எதிரே நடந்துபோகிற சொந்தக்காரர்கள் மாதிரி ஓரமாகவே போய்விட்டன. பிறகு ஒவ்வொரு வீடாக, யாருக்கும் புரியாத ஒரு வரிசையில், இஷ்டப்பட்ட நேரத்தில் உள்ளே வந்தன. மாடசாமி தன் வீட்டுக்குள் போன அன்றைக்கு லாரியின் ஹாரன் தானாக ஒரு தடவை அடித்தது என்று சொல்பவர்கள் உண்டு, அது எனக்கு நிச்சயமாகத் தெரியாது.

பகவதியின் வீட்டுக்கு மட்டும் எறும்பு வரவில்லை. ஆனி பிறந்தும் வரவில்லை. சாய்ப்பில் சாரல் அடிக்கத் தொடங்கியது. ஒருநாள் லோகநாயகி, பஜாருக்குப் பின்னால் கருப்பட்டி மண்டியை ஒட்டி ஒரு அறை வாடகைக்கு வருது அண்ணே, கடைக்குப் பக்கம், மழைக்கும் நனைய வேண்டாம் என்றாள். நமச்சிவாயம் கட்டிலைக் கைவண்டியில் ஏற்றினார். டிரங்குப் பெட்டி சாய்ப்பில்தான் இருந்தது, ஆனால் அவளுடைய சேலைகள் உள்ளே பீரோவில் இருந்தன, பகவதி அவற்றை மடித்து மடித்து வெளியே எடுத்து வந்து கொடுத்தாள், கொடுக்கும்போது போகாதே என்று சொல்ல வாய் திறந்தாள், அந்த வார்த்தையைச் சொல்ல இனித் தனக்கு அருகதை இல்லை என்று தோன்றவே, குடை இருக்கா என்று கேட்டாள்.

“இருக்கு மதினி” என்றாள் லோகநாயகி.

அவள் போய்க் கொஞ்ச நாளில், பகவதி காலையில் எழுந்து வந்து பார்த்தபோது வாசலிலிருந்து அங்கணம் வரைக்கும் கறுப்பு நூல் பிடித்ததுபோல எறும்புகள் போய்க்கொண்டிருந்தன. அவள் தலைகூட வாராமல் பஜாருக்கு ஓடினாள். பாத்திரக்கடையில் லோகநாயகி ஒருத்திக்கு இட்லிக்கொப்பரையைத் திறந்து காட்டிக்கொண்டிருந்தாள்.

“லோகா, எறும்பு வந்துட்டு. வீட்டுக்கு வா.”

“வந்துட்டா? நல்லது மதினி.” அவள் கொப்பரையின் மூடியை மூடினாள். “இனி யாரு வேணாலும் வரலாம்லா.”

“ஆமா. வரலாம்.”

“அதான் மதினி. யாரு வேணாலும் வரலாம்.” வாடிக்கைக்காரி காத்துக்கொண்டிருந்தாள். “இந்த அறை எனக்குத் தோதா இருக்கு. நீங்க போங்க, சாரல் விழுது.”

தெரு தன் பழக்கத்துக்குத் திரும்பியது. பெஞ்சுகள் வீட்டுக்குள் போயின. எறும்புகளை யாரும் விரட்டவில்லை, சீனி டப்பாவைத் தண்ணீர்க் கிண்ணத்தில் வைத்துக்கொண்டார்கள், சோற்றில் கிடந்தால் எடுத்துப்போட்டுவிட்டுச் சாப்பிட்டார்கள். பகவதியிடம் யாரும் கைப்பக்குவம் கேட்பதில்லை, அவளும் சொல்வதில்லை. மீந்த பொடி ஊறுகாய்ப் பாட்டிலில் அலமாரியின் மேல்தட்டில் இருந்தது. அதையும் ஒருநாள் நமச்சிவாயம் எடுத்தார்.

“லோகா கேட்டா” என்றார். “கருப்பட்டி மண்டி பக்கம்லா, எறும்பு கட்டிலைத் தூக்கிட்டுப் போயிருமாம். படுக்க முடியலங்கா.”

பகவதி பாட்டிலின் மூடியை இறுக்கிக் கொடுத்தாள். அதற்குப் பிறகு அவள் பஜாருக்குப் போனால் கருப்பட்டி மண்டி இருக்கிற சந்துப் பக்கம் போகாமல் சுற்றிப் போனாள். நாத்தனாரைப் பார்க்கப் போகலியா என்று யாராவது கேட்டுவிடுவார்களோ என்று பயந்தாள், யாரும் கேட்கவில்லை, ஏன் போகவில்லை என்று எல்லாருக்கும் தெரிந்திருந்தது. தெருவில் உள்ள மற்ற வாசல்கள் எல்லாம் திறந்துவிட்டன, ஊரில் மிச்சமிருந்த கோடு அது ஒன்றுதான், அந்தக் கோட்டைப் போட்டவள் லோகநாயகி. அந்த வாசலில் தன் கால் நின்றுபோவதை மண்டியில் மூட்டை தூக்குகிறவர்கள் பார்ப்பார்கள், சாயங்காலத்துக்குள் ஊர் பேசும். நிற்கத்தான் செய்யும் என்பதில் பகவதிக்குச் சந்தேகமே இல்லை. அவளுக்குத் தன் மனசு தெரியும், தன் மனசு மாதிரித்தான் எல்லார் மனசும் இருக்கும் என்றுதான் அவள் நினைத்திருந்தாள்.

ஐப்பசியில் லோகநாயகி காய்ச்சலில் விழுந்தாள். மூட்டு மூட்டாய்ப் பிடித்துக்கொண்டு எழுந்து நிற்கவிடாத காய்ச்சல். நமச்சிவாயம் மகனைப் பார்க்கக் கோயம்புத்தூர் போயிருந்தார், போனில் கூப்பிட்டு, நீ போய்ப் பாரேன் என்றார், கொஞ்சம் பொறுத்து, போகமுடியலன்னா வாசல்ல வச்சிட்டாவது வா என்றார்.

பகவதி கஞ்சி காய்ச்சி, பருப்புத் துவையல் அரைத்து, தூக்குவாளியில் எடுத்துக்கொண்டு போனாள். மதிய நேரம். மண்டி வாசலில் மூட்டைக்காரர்கள் சாப்பிட்டுவிட்டுச் சாய்ந்திருந்தார்கள், அவளைப் பார்த்ததும் பேச்சை நிறுத்தினார்கள், ஒருவர் எழுந்து உட்கார்ந்தார். அறையின் கதவு திறந்திருந்தது. வாசலில் மஞ்சளும் வெள்ளையுமாகக் கோடு கிடந்தது, விரல் நடுக்கமில்லாமல் இழுத்த கோடு, கோட்டுக்கு இந்தப் பக்கம் கருப்பட்டி எறும்புகள் கட்டெறும்பும் சிற்றெறும்புமாக அப்பிக்கொண்டு நின்றன, ஒன்றுகூட அந்தப் பக்கம் போகவில்லை. அவற்றின் பக்கத்தில் பகவதியும் நின்றாள்.

“யாரு?” உள்ளேயிருந்து குரல்.

“நாந்தான்.”

கட்டில் முனகியது.

“உள்ள வாங்க மதினி.”

தூக்குவாளியை அப்படியே வைத்துவிட்டுப் போய்விடலாம் என்று பகவதிக்கு ஒரு நினைப்பு வந்தது. அடுத்து, நிற்கட்டும், எல்லாரும் பார்க்கட்டும், அதோடு கழியும், அவளும் என்னைப்போலத்தான் என்று ஆகிவிடும், இரண்டு பேரும் சமமாகிவிடுவோம் என்று ஒரு நினைப்பு வந்தது. அந்த நினைப்பில் அவளுக்கு ஒரு தெம்புகூட வந்தது. செருப்பைக் கழற்றினாள். கண்ணை மூடிக்கொண்டு, சுவரில் மோதப்போகிறவள் மாதிரி முகத்தைக் கொஞ்சம் திருப்பிக்கொண்டு, காலைத் தூக்கி வைத்தாள்.

கால் தரையில் பட்டது. அறைக்குள் தரை குளிர்ச்சியாக இருந்தது.

பகவதி கண்ணைத் திறந்தாள். பின்னால் மூட்டைக்காரர்கள் பேச்சைத் தொடர்ந்தார்கள், அவர்களுக்குப் பார்க்க ஒன்றும் இல்லை. லோகநாயகி மெலிந்துபோயிருந்தாள், போர்வைக்குள்ளிருந்து காலை மடக்கி அவள் உட்கார இடம் விட்டாள். பகவதி உட்காரவில்லை. கஞ்சியை ஊற்றக் கிண்ணம் எடுத்தாள், கிண்ணத்தைக் கழுவிட்டு வாரேன் என்று வெளியே போனாள், வெளிக்குழாயில் கழுவிக்கொண்டு திரும்பி வந்தாள், வாசல் விட்டது. செருப்பு வெயில்ல கிடக்கு என்று சொல்லிவிட்டு மறுபடியும் போனாள், செருப்பை நிழலில் தள்ளிவிட்டு வந்தாள், இந்தத் தடவை கோட்டுக்கு மேலே காலை வேண்டுமென்றே மெதுவாகக் கொண்டுவந்தாள், ஏதாவது ஒரு தட்டுதல், ஒரு நூல் அளவுக்காவது ஒரு தடை, அப்படி எதுவும் இல்லை, காற்றுதான். வாளி மூடியை வெளியே வச்சிட்டேன் என்று முணுமுணுத்துக்கொண்டு அவள் திரும்பவும் வாசலுக்குப் போனபோது, மூடி அவள் கையிலேயே இருந்தது.

“எத்தன தடவ போவீங்க மதினி” என்றாள் லோகநாயகி, கண்ணை மூடியபடியே. “வந்து உக்காருங்க.”